மேடையக்காவும் நாலு லிட்டரும்

சிமெண்ட் ஆலையின் பின்வாசலில் லாரிகளை நிறுத்தி எடை போடும் மேடை ஒன்று இருந்தது. அதை ஒட்டி ஒரு கண்ணாடி அறை. அந்த அறையில் இருபத்து மூன்று வருஷமாக ஒரே ஒருத்திதான் உட்கார்ந்திருந்தாள். லாரி ஓட்டுநர்கள் அவளை மேடையக்கா என்று கூப்பிட்டார்கள். வாழ்நாளில் எந்த மேடையிலும் ஏறி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

வேலை சுலபமானதுதான். லாரி காலியாக உள்ளே வரும்போது ஒரு எடை, மூட்டைகளோடு வெளியே போகும்போது ஒரு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சரக்கு. அதைச் சீட்டில் அச்சடித்துக் கிழித்து ஜன்னல் வழியாக நீட்ட வேண்டும். ஆனால் அவள் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது. ஓட்டுநர் இறங்காமல் இருக்கையிலேயே சாய்ந்திருந்தால் சீட்டு வராது. வண்டியின் பின்சக்கரம் மேடையின் விளிம்பில் அரை அடி தொங்கினாலும் வராது. "அக்கா, அரை அடிதானே" என்பார்கள். "அரை அடிய முன்னாடி விடுங்க" என்பாள். அவ்வளவுதான் பேச்சு.

அந்த அறையில் ஒரே ஒரு குறை. கழிப்பறை கிடையாது. இருந்த ஒன்று ஆலை முற்றத்தின் அந்தக் கோடியில், உணவுக்கூடத்துக்குப் பக்கத்தில். போக ஏழு நிமிஷம், வர ஏழு நிமிஷம், நடுவில் பின்பக்கமாக நகர்ந்து வரும் லாரிகள். அவள் எழுந்து போனால் மேடையைப் பூட்ட வேண்டும், பூட்டினால் வரிசை நிற்கும். அதனால் வேலையில் சேர்ந்த முதல் மாசமே ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். காலையில் ஒரு டம்ளர் தேநீர், மத்தியானம் சாப்பாட்டோடு அரை டம்ளர் தண்ணீர். பிறகு வீடு திரும்பும்வரை ஒன்றுமில்லை. உடம்பும் பழகிக்கொண்டது, அல்லது பழகிக்கொண்ட மாதிரி நடித்தது.

நாற்பத்தொன்பதாவது வயசில், ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு, இடுப்புக்குப் பின்னால் யாரோ திருப்புளியை வைத்துத் திருகுகிற மாதிரி ஒரு வலி வந்தது. மேடையில் ஒரு லாரி நின்றிருந்தது. அவள் எடையைப் பார்த்தாள், சீட்டை அச்சடித்தாள், கிழித்தாள், ஓட்டுநரிடம் நீட்டினாள். பிறகு தரையில் படுத்துக்கொண்டாள்.

"அக்கா, என்ன ஆச்சு?"

"சீட்டு சரியா இருக்கான்னு பாருங்க. அப்புறம் யாரையாவது கூப்பிடுங்க."

சிறுநீரகத்தில் கல். நாலு மில்லிமீட்டர். மருத்துவமனையில் அவளைப் பார்த்த டாக்டரம்மா கெட்டிக்காரி, வளவளவென்று பேசமாட்டாள்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?"

"தாகம் எடுத்தா குடிப்பேன்."

"தாகம் எடுக்குமா?"

"வேலை நேரத்துல எடுக்காது."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள். கல் தானாக இறங்கிவிடும். மறுபடி வராமல் இருக்க, ஒரு நாளைக்கு ரெண்டரை லிட்டர் சிறுநீராவது போகிற அளவுக்குத் தண்ணீர் உள்ளே போக வேண்டும். நிறம் வெளிறி இருந்தால் சரி, தேநீர் நிறத்தில் இருந்தால் போதவில்லை என்று அர்த்தம். ரத்தத்தில் சர்க்கரையும் எல்லைக்கோட்டில் நிற்கிறது, தினம் ஒரு மணி நேரம் நடந்தால் நல்லது.

மேடையக்கா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். வேலைக்குத் திரும்பிய அன்றே மேலாளரிடம் போய் நின்றாள்.

"அறைக்குப் பக்கத்துல ஒரு கழிப்பறை வேணும் சார்."

"அதுக்குத் திட்டம் போட்டு மேல அனுப்பியிருக்கோம்மா."

"எப்ப அனுப்பினீங்க?"

"அது ஆச்சு, ஆறேழு வருஷம்."

அவள் சண்டை போடவில்லை. மறுநாள் காலையிலிருந்து டாக்டர் சொன்னபடி தண்ணீர் குடித்தாள். வந்தபோதெல்லாம் போனாள். ஜன்னலில் ஓர் அட்டை தொங்கவிட்டாள்: 'எடை போடுபவர் வெளியே போயிருக்கிறார். பதினான்கு நிமிஷம்.' முதல் நாள் நாலு தடவை. இரண்டாம் நாள் ஐந்து தடவை. லாரி வரிசை வாசலைத் தாண்டி, பெட்ரோல் பங்கைத் தாண்டி, பெரிய சாலைக்குப் போய்விட்டது. மூன்றாம் நாள் போக்குவரத்துப் போலீஸ் வந்து விசாரித்தது. நாலாம் நாள் மேலாளர், அவள் போயிருக்கும் நேரத்தில் தானே உட்கார்ந்து எடை போடுவதாகச் சொன்னார். போட்டார். வெளியே போகிற லாரியை உள்ளே வருகிற கணக்கில் அடித்துவிட்டார். அந்தச் சீட்டின்படி, சிமெண்ட் ஆலைக்கு யாரோ முப்பது டன் சிமெண்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு காலியாகத் திரும்பியிருந்தார்கள். அதைத் திருத்த தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வர வேண்டியதாயிற்று.

மூன்றே வாரத்தில் கழிப்பறை எழும்பியது. கண்ணாடி அறையிலிருந்து எட்டு எட்டு வைத்தால் வந்துவிடும். ஓடு பதித்த சுவர், தாழ்ப்பாள் சரியாக விழும் கதவு. மேலாளர் அன்று முதல் அவளோடு கொஞ்சம் மரியாதையாகப் பேசினார்.

அடுத்து நடை. வீட்டுக்குப் பின்னால் ஒரு விளையாட்டு மைதானம். அங்கே தினம் காலை ஐந்தரைக்குப் பதினான்கு பேர் கூட்டமாக நடப்பார்கள். அவர்களுக்குத் தலைவர் கேப்டன். அவர் ராணுவத்தில் இருந்தவரில்லை. தபால் நிலையத்தில் முப்பத்தைந்து வருஷம் முத்திரை குத்தியவர். கழுத்தில் விசில் தொங்கும், அதனால் கேப்டன். அறுபத்தாறு வயசு, நல்ல மனுஷர், யாராவது ஒரு நாள் வராவிட்டால் வீட்டுக் கதவைத் தட்டி விசாரிப்பார். அதனாலேயே எல்லோரும் வந்துவிடுவார்கள்.

சேர்ந்த முதல் நாளே அவளிடம் கேட்டார்.

"தண்ணி எவ்வளவு குடிக்கிறீங்க?"

"டாக்டர் சொன்னபடி, ரெண்டரை, மூணு லிட்டர்."

"அது சும்மா உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு. உடற்பயிற்சி பண்றவங்களுக்கு நாலு லிட்டர். அது போக நடக்கிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு லிட்டர். தாகம் எடுக்கிற வரைக்கும் காத்திருக்கக் கூடாது. தாகம் எடுத்துட்டா லேட்டாயிடுச்சுன்னு அர்த்தம்."

வேறு யாராவதாக இருந்தால் தலையை ஆட்டிவிட்டு மறந்திருப்பார்கள். அந்தப் பதினான்கு பேரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். கேப்டனே நாலு லிட்டர் குடித்ததில்லை. ஆனால் மேடையக்காவிடம் ஓர் அளவைச் சொன்னால் அது அளவு. இரண்டு லிட்டர் பாட்டில் ஒன்று வாங்கி, பக்கவாட்டில் பேனாவால் கோடு போட்டு மணி எழுதினாள். எட்டு மணிக்குள் இந்தக் கோடு, பத்துக்குள் அந்தக் கோடு. காலையில் எழுந்ததும் குளியலறைத் தராசில் ஏறி நின்று எடையைப் பார்த்து, சமையலறை நாட்காட்டியில் அந்தந்தத் தேதிக் கட்டத்தில் எழுதினாள். இது யாரும் சொல்லித் தரவில்லை. எடை பார்க்காமல் ஒரு நாளைத் தொடங்க அவளுக்கு வராது.

அவள் கணவர் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தார். கண்ணாடி வெட்டுகிற வேலை என்பதால் அளந்துதான் பேசுவார். பாட்டிலில் இருந்த கோடுகளைப் பார்த்தார்.

"இவ்வளவும் வேணுமா?"

"வேணுமாம்."

"உனக்குத் தாகமா இருக்கா?"

"தாகம் எடுத்துட்டா லேட்டாம்."

அவர் கடைச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

ஒன்றரை வருஷம் ஒரு குறையுமில்லாமல் ஓடியது. கல் இறங்கிப் போய்விட்டது, சர்க்கரை எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது. கண்ணாடி அறையில் வெயில் காய்ந்ததால் குடித்ததில் பாதி வியர்வையாகப் போனது, மீதி எட்டு எட்டுத் தள்ளியிருந்த அறையில் போனது. உடம்பு சமாளித்தது. அவள் நாலு லிட்டர்தான் சரி என்று முடிவு கட்டிவிட்டாள்.

அப்போதுதான் ஊரில் இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டப் போட்டி அறிவித்தார்கள். ஓட முடியாதவர்கள் நடக்கலாம், ஐந்து மணி நேரத்துக்குள் முடித்தால் பதக்கம். கேப்டன் எல்லோர் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் அவர்களிடம் சொன்னார்.

போட்டியன்று வானம் மூடிக்கொண்டு குளுகுளுவென்று இருந்தது. காலை ஆறு மணிக்குத் துப்பாக்கி வெடித்தது. வழி நெடுக இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு மேஜை, மேஜைமேல் தண்ணீர்க் கோப்பைகள். கேப்டன் முந்தைய நாளே சொல்லியிருந்தார்: "ஒரு மேஜையையும் விடக் கூடாது. மேஜைக்கு ரெண்டு கோப்பை." மேடையக்கா புறப்படும் முன் ஒரு லிட்டர் குடித்தாள். பிறகு பத்து மேஜை, இருபது கோப்பை. ஓடுகிறவர்கள் ஒரு வாய் குடித்துப் பாதியைக் கீழே ஊற்றிவிட்டுப் பறந்தார்கள். நடக்கிறவளுக்கு அவசரமில்லை. நின்று, இரண்டு கோப்பையையும் காலி செய்து, கோப்பையைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு நடந்தாள்.

ஆறாவது மேஜையில் வயிறு தளும்பியது. எட்டாவது மேஜையில் தண்ணீரைப் பார்க்கவே பிடிக்கவில்லை. குடித்தாள். ஒன்பதாவது மேஜைக்கு அப்புறம் தலை கனத்தது. விரல்கள் தடித்து, கல்யாண மோதிரம் சதையில் புதைந்தது. கூடவே வந்த கேப்டன் அவள் முகத்தைப் பார்த்தார்.

"தலை வலிக்குதா?"

"ஆமா."

"உடம்புல தண்ணி பத்தலை. குடிங்க."

தன் கையிலிருந்த பாட்டிலையும் கொடுத்தார். அதையும் குடித்தாள்.

நாலு மணி பன்னிரண்டு நிமிஷத்தில் முடிவுக் கோட்டைத் தாண்டினாள். கழுத்தில் யாரோ பதக்கம் போட்டார்கள். பத்தடி நடந்து, பதக்கத்தின்மேலேயே வாந்தி எடுத்து, உட்கார்ந்துவிட்டாள்.

மருத்துவக் கூடாரத்தில் ஓர் இளம் டாக்டர் இருந்தார். அவளைப் படுக்க வைத்து, பெயர் என்ன என்று கேட்டார்.

"காலி வண்டியா, சரக்கா?" என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

"என்னம்மா?"

"டிரைவர இறங்கச் சொல்லுங்க. இல்லன்னா சீட்டு கிடையாது."

அவள் கணவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். கேப்டன் ஒரு பாட்டிலோடு பக்கத்தில் நின்று, "தண்ணி குடுங்க டாக்டர், தண்ணி குடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். உதவிக்கு நின்றவர் கையில், உடம்பில் நீர் ஏற்ற ஊசியும் குழாயும் தயாராக இருந்தன. டாக்டர் அவள் கையைப் பிடித்துப் பார்த்தார். மோதிரத்தைச் சுற்றிலும் விரல் வீங்கியிருந்தது. அந்தக் கையை விடாமலே கேட்டார்.

"இவங்க எடை என்னன்னு யாருக்காவது தெரியுமா?"

"அறுபத்து மூணு நானூறு" என்றார் கணவர்.

"எப்பப் பார்த்தது?"

"இன்னைக்குக் காலையில, நாலே முக்காலுக்கு. நாட்காட்டியில எழுதிட்டுத்தான் கிளம்பினா."

டாக்டர் அவரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். கூடாரத்தின் மூலையில் ஒரு தராசு இருந்தது. இரண்டு பேர் தாங்கிப் பிடித்து அவளை ஏற்றி, ஒரு கணம் கையை விட்டார்கள். அறுபத்தைந்து கிலோ அறுநூறு கிராம்.

டாக்டர் இரண்டு எண்களையும் கழித்துப் பார்த்தார்.

"நாலு மணி நேரம் நடந்துட்டு வர்றவங்க எடை குறையணும்" என்றார் டாக்டர். "இவங்களுக்கு ரெண்டு கிலோவுக்கு மேல கூடியிருக்கு. எவ்வளவு தண்ணி குடிச்சாங்க?"

எல்லோரும் கேப்டனைப் பார்த்தார்கள். கேப்டன் கையில் இருந்த பாட்டிலை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

டாக்டர் குழாயைத் தள்ளி வைக்கச் சொன்னார். ஒரு துளி ரத்தம் எடுத்துக் கையடக்கக் கருவியில் பார்த்தார். ரத்தத்தில் உப்பின் அளவு நூற்று முப்பத்தைந்துக்கு மேல் இருக்க வேண்டியது நூற்று இருபத்து மூன்றில் நின்றது. கெட்டியான உப்பு நீர் கொஞ்சம், ரொம்பக் கொஞ்சம், ஊசி வழியாக ஏற்றினார். வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று சொல்லி, ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பினார்.

மருத்துவமனையில் அவள் கண்ணைத் திறந்தபோது மத்தியானம். கணவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, திரையில் மாறுகிற எண்களைத் தன் கடை ரசீதின் பின்பக்கத்தில் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுதிக்கொண்டிருந்தார்.

"என்ன எழுதுறீங்க?"

"தெரியல" என்றார். "நீ எழுதுவியேன்னு எழுதினேன்."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி வெகுநேரம் வெளியே பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே ஒரு சுவரைத் தவிர ஒன்றுமில்லை. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவர் கண்ணைத் துடைத்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவள் ஒன்றும் பார்க்காத மாதிரி படுத்திருந்தாள்.

சாயங்காலத்துக்குள் மூன்று லிட்டர் சிறுநீர் போனது. செவிலி அளந்து எழுதினாள். டாக்டரம்மாவும் வந்து பார்த்தாள், அதே கல் டாக்டர்தான்.

"முதல்ல ஒண்ணுமே குடிக்காம வந்தீங்க. இப்ப இப்படி."

"அளவு சொன்னாங்க, குடிச்சேன்."

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் நடக்கும்போதோ ஓடும்போதோ உடம்பு தண்ணீரை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும் என்றாள். அந்த நேரத்தில் ஊற்ற ஊற்ற ரத்தத்தில் இருக்கிற உப்பு நீர்த்துப்போகும், மூளை வீங்கும். குறைந்தாலும் தலைவலி, கூடினாலும் தலைவலி. அதனால்தான் ஆள் ஏமாறுவது.

"அப்ப எவ்வளவுதான் குடிக்கணும்?"

"எல்லாருக்கும் ஒரே எண் கிடையாது. கல்லுக்காக நான் சொன்னது உங்களுக்கு அப்படியே இருக்கட்டும், நாள் பூரா பிரிச்சுக் குடிங்க. நடக்கிறப்ப தாகத்துக்குக் குடிங்க, போதும். சந்தேகம் இருந்தா நடக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை எடை பாருங்க. குறைஞ்சது வியர்வை. கொஞ்சம் குறையலாம், தப்பில்ல. கூடக் கூடாது."

மேடையக்கா கூரையைப் பார்த்தபடி யோசித்தாள். உள்ளே ஒரு எடை, வெளியே ஒரு எடை. இருபத்தைந்து வருஷமாக அவள் பார்த்த வேலை. தனக்குச் செய்து பார்க்கத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் வீட்டுக்குக் கேப்டன் வந்தார். விசில் இல்லாமல் வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"என்னாலதான்மா."

"குடிச்சது நான்."

"சொன்னது நான்."

"அந்த நாலு லிட்டர் எங்கேர்ந்து சார் வந்துச்சு?"

கேப்டன் யோசித்தார். "போன்ல வந்துச்சு."

"யாரு அனுப்பினாங்க?"

"மச்சான்."

"அவருக்கு?"

"அவனுக்கும் போன்லதான் வந்திருக்கும்."

"அதை எழுதினவர் என்னைப் பார்த்திருக்காரா சார்? நான் அறுபத்து மூணு கிலோ, நீங்க தொண்ணூறு. நான் நடந்தா நெத்தி மட்டும் நனையும், நீங்க சட்டையைப் பிழியுறீங்க. ரெண்டு பேருக்கும் எப்படி நாலு?"

சமையலறையிலிருந்து கணவர் தேநீர் கொண்டுவந்து வைத்தார். கேப்டன் அதைக் குடிக்கலாமா என்று கேட்டுவிட்டுக் குடித்தார்.

இரண்டு வாரம் ஓய்வு. அதற்கப்புறம் அவள் மைதானத்துக்குப் போனபோது கணவர் பின்னால் குளியலறைத் தராசைத் தூக்கிக்கொண்டு வந்தார். பார்வையாளர் படிக்கட்டுக்குக் கீழே சமமான இடம் பார்த்து வைத்தார்கள். நடக்கும் முன் ஒரு தடவை, நடந்து முடித்து வியர்வையைத் துடைத்தபின் ஒரு தடவை. முதல் நாள் எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாம் வாரம் வரிசையில் நின்றார்கள். மேடையக்கா வழக்கம்போல் கறாராகவே இருந்தாள். சட்டைப்பையில் சாவிக்கொத்தோடு ஏறியவரை இறக்கிவிட்டாள். காலணியோடு ஏறியவரையும்தான்.

குளிர்ந்த காலையில் ஒரு மணி நேரம் நடந்தால் அவளுக்கு முன்னூற்றைம்பது கிராம் குறைந்தது, புழுக்கமான நாளில் அறுநூறு. வீட்டுக்குப் போய்க் காலைச் சாப்பாட்டோடு குடிக்கிற தண்ணீரிலேயே அது திரும்பிவிட்டது. கேப்டனுக்கு ஒன்றே கால் கிலோ குறைந்தது. அவர் இத்தனை நாள் நடக்கும்போது குடித்தது ஒரு வாய். அடுத்தவருக்கெல்லாம் லிட்டர் லிட்டராகச் சொன்ன மனுஷர் தானே காய்ந்து கிடந்தார். கால் ஏன் அடிக்கடி பிடித்து இழுக்கிறது என்று ரெண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து நடுவில் நின்று குடித்தார். கால் இழுப்பது குறைந்ததாகச் சொன்னார். முழுக்கப் போகவில்லை.

கூட்டத்தில் ஒருவர் இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிற வாத்தியார். தனக்கும் ஓர் அளவு சொல்லச் சொன்னார்.

"உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். உங்க டாக்டரக் கேளுங்க."

"தோராயமா சொல்லும்மா."

"தோராயத்துக்கு நான் சீட்டு குடுக்கிறதில்ல சார்."

வாத்தியார் தன் டாக்டரைப் போய்க் கேட்டார். அவருக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் போகக் கூடாதாம். அவர் போன வருஷம் பூரா கேப்டன் பேச்சைக் கேட்காமல் இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

அடுத்த வருஷப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போது கணவர் தடுக்கவில்லை. ஆனால் கடையைப் பூட்டிவிட்டு அன்று பூராவும் வழியில் நிற்கப் போவதாகச் சொன்னார். நின்றார். நாலு இடத்தில், பஸ் மாறி மாறிப் போய். மேஜைகளில் நின்றவர்கள் கோப்பையை நீட்டிக்கொண்டே இருந்தார்கள், "குடிங்கம்மா, குடிச்சுட்டுப் போங்க" என்றார்கள். "வேண்டாம், இப்பத் தாகமில்ல" என்று அவள் பத்தில் ஆறு மேஜையைத் தாண்டினாள். நாலு மேஜையில் தாகம் இருந்தது, குடித்தாள். பதினைந்தாவது கிலோமீட்டரில் இடது கால் சுண்டுவிரலில் கொப்புளம் வந்து நொண்டிக்கொண்டு நடந்தாள். போன வருஷத்தைவிடப் பதினொரு நிமிஷம் அதிகமாயிற்று.

கணவர் முடிவுக் கோட்டுக்கு அந்தப் பக்கம் அவளுடைய பழைய ரப்பர் செருப்போடு காத்திருந்தார். குனிந்து அவரே காலணிக் கயிற்றை அவிழ்த்துவிட்டார். பதக்கம் யார் கையில் இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் கவனமில்லை. பிறகு பையில் கிடைத்தது. பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் அவள் அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். இறங்க வேண்டிய இடம் வந்தும் அவர் எழுப்பவில்லை. கடைசி நிறுத்தம் வரைக்கும் போய், அதே பஸ்ஸில் திரும்பி வந்தார்கள்.